மூடியின் மீது ஒரு சாட்சி

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மகள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பொறியாளர். மான் வேட்டையிலும் இலக்கு வைத்துச் சுடுவதிலும் இளமை முதலே ஈடுபாடு உடையவர். ஒரு சனிக்கிழமை காலை கடைக்குப் புறப்பட்டவர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். தூண்டில், கூடாரம், மலையேற்றக் காலணி என எல்லாம் விற்கும் பெரிய கடை அது. அதன் ஒரு பகுதியில், நம்மூர் மருந்துக் கடைகளில் சத்துமாவு டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பதுபோல, பிளாஸ்டிக் புட்டிகள் வரிசையாக நின்றன. அவ்வளவும் துப்பாக்கித் தோட்டாக்களில் நிரப்பும் வெடிமருந்து.

நண்பர் ஒரு புட்டியை எடுத்தார். விலையைப் பார்க்கவில்லை. மூடியைச் சுற்றியிருந்த பட்டையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். அதன் ஓர் ஓரம் பிரிந்திருந்தது. அந்தப் புட்டியைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பட்டை முழுமையாக இருந்தது. அடியில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணை வாசித்தார். கையில் ஏந்தி எடையை மதிப்பிட்டார். பிறகே கூடையில் இட்டார். பட்டை பிரிந்த புட்டியைக் கடை ஊழியரிடம் காட்டியபோது அவரும் விவாதிக்காமல் அதை உள்ளே எடுத்துச் சென்றார்.

காசாளர் மேசைக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு தொங்கியது. விற்ற வெடிமருந்து எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது என்றது அது. எனக்கு வியப்பாக இருந்தது. வாங்கிய சட்டையை ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகம் கோணாமல் பணத்தைத் திருப்பித் தரும் நாடு அமெரிக்கா. அங்கே இந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு? நண்பரிடம் கேட்டேன். 'திரும்பி வந்த புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?' என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். சந்தையில் தகவல் எவ்வாறு பரவுகிறது, எங்கே தடைபடுகிறது என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாடம் முழுவதையும் அவர் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

தோட்டாவை மறுபடி நிரப்பும் வழக்கம்

அந்தப் புட்டிகளை யார், எதற்காக வாங்குகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கித் தோட்டா என்பது நான்கு பொருள்களின் தொகுப்பு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறியூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். தோட்டாவின் உறுப்புகளில் விலை கூடியது பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதைத் தூக்கி எறியாமல், சுத்தம் செய்து, புதிய பிரைமரையும் மருந்தையும் குண்டையும் பொருத்தி மீண்டும் பயன்படுத்துவதை அங்கே 'ரீலோடிங்' என்கிறார்கள். சிலருக்கு அது சிக்கனம். சிலருக்குத் தம் துப்பாக்கிக்கு மிகப் பொருத்தமான தோட்டாவைத் தாமே உருவாக்கும் நுட்பம். கடைகளில் எளிதில் கிடைக்காத பழைய வகைத் தோட்டாக்களைப் பயன்படுத்துவோருக்கு அது கட்டாயம்.

இதில் பயன்படுவது பழங்காலக் கரிமருந்து அன்று, புகையில்லா வெடிமருந்து. 1884இல் பிரான்சின் பால் வியே இதை உருவாக்கினார். சில ஆண்டுகளில் ஆல்பிரட் நோபல் தமது வகையைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷார் 'கார்டைட்' என்ற வகையை உருவாக்கினர். குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை அந்தப் பெயரைத் தாங்கியே இன்றும் நிற்கிறது. நீலகிரி ரயிலில் பயணம் செய்தவர்கள் அந்த நிலையத்தைக் கடந்திருப்பார்கள். நம் நாட்டில் இந்த மருந்து இராணுவத்துக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும் உரிய பொருள். அமெரிக்காவிலோ அது சில்லறைக் கடைச் சரக்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் மலைபோல் வெடிமருந்து எஞ்சியிருந்தது. கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை வாங்கிச் சிறு அளவுகளாகப் பிரித்துத் தனியாருக்கு விற்றார். அவர் விற்ற 4831 என்ற மருந்தின் எண் இன்றைய புட்டிகளிலும் தொடர்கிறது. ஒரு பவுண்டு, எட்டுப் பவுண்டு என்ற அளவுகளில் இப்போது விற்பனை நடக்கிறது. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஐந்து கிரெயின் என்று கொண்டால், ஒரு புட்டியில் 1,400 தோட்டாக்களை நிரப்பலாம். அந்த ஒரு புட்டியில் பிழை இருந்தால், அந்தப் பிழை 1,400 முறை துப்பாக்கிக்குள் செல்லும் என்பதும் அதே கணக்குதான்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

இந்த மருந்துகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில உருண்டை மணிகள், சில மெல்லிய சீவல்கள், சில நுண்ணிய குச்சிகள். நிறம் பெரும்பாலும் கரும்பழுப்பு அல்லது சாம்பல். ஒன்றுக்கொன்று முக்கியமான வேறுபாடு எரியும் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகம் கண்ணால் பார்த்து அறியக்கூடியது அன்று. குறுங்குழல் கைத்துப்பாக்கிக்கு உரிய மருந்து மிக விரைந்து எரியும். நீண்ட குழலும் கனமான குண்டும் கொண்ட வேட்டைத் துப்பாக்கிக்கு உரியது நிதானமாக எரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டே போகும்.

வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் அறைக்குள் எழும் அழுத்தம், முறையாக நிரப்பிய தோட்டாவிலேயே, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60,000 பவுண்டு வரை செல்லும். இது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. அந்த அறைக்குள், நிதானமாக எரிய வேண்டிய மருந்துக்குப் பதில் விரைந்து எரியும் மருந்தை அதே அளவில் இட்டால், எஃகு தாங்காது. துப்பாக்கி வெடிக்கும். அது சுடுபவரின் முகத்துக்கும் கைக்கும் மிக அருகில் வெடிக்கும்.

பெயர்களில் உள்ள குழப்பமும் சிறிதன்று. 4350 என்ற ஒரே எண்ணில் 'எச் 4350' என்றும் 'ஐ.எம்.ஆர். 4350' என்றும் இரு மருந்துகள் விற்கின்றன. இரண்டும் நெருங்கிய உறவினர்போல் இருந்தாலும் ஒன்றுக்கான அளவு அட்டவணையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே, புட்டியின் மேலுள்ள சீட்டு வெறும் விளம்பரம் அன்று. உள்ளே இருப்பது என்ன என்பதற்கு வாங்குபவரிடம் உள்ள ஒரே ஆதாரம் அதுதான். சீட்டுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டால், அந்தப் புட்டியில் இருப்பது பெயர் தெரியாத தூள். பெயர் தெரியாத தூளைத் துப்பாக்கியில் இடக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடும் ஒவ்வொருவரும் முதல் நாளில் கற்கும் பாடம்.

அந்தத் தொடர்பு மூன்று வழிகளில் அறுந்துபோகலாம். முதலாவது, தவறு. வேலை முடிந்ததும் நிரப்பும் கருவியில் மிஞ்சியிருக்கும் மருந்தை, மேசை மீதிருக்கும் வேறொரு புட்டியில் மறதியாகக் கொட்டிவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வது. அந்தப் புட்டியை அவர் நல்லெண்ணத்தோடே கடையில் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவது, பேராசை. 2020இல் பெருந்தொற்று தொடங்கியபின் தோட்டாவும் பிரைமரும் மருந்தும் கிடைக்காமல் அமெரிக்கக் கடை அலமாரிகள் வெறுமையாயின. தனியார் கைமாற்றில் விலை பன்மடங்காயிற்று. பற்றாக்குறை உள்ள இடத்தில் காலிப் புட்டிக்கும் மதிப்பு வந்துவிடும் என்பதை நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வஞ்சம். அது மிக அரிது. ஆனால் அதன் விளைவு மிகப் பெரிது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நண்பர் கடையில் செய்த ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருந்தது. திரும்பும் வழியில் பொறுமையாகச் சொன்னார். முத்திரையின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் மூடியைச் சுற்றிப் பட்டை, சிலவற்றில் மூடிக்கு உள்ளே ஒட்டிய தாள், சிலவற்றில் உடைந்தால் பிரியும் வளையம். எனவே ஒரே வகைப் புட்டிகள் நான்கைந்தை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மற்றவற்றில் இருக்கும் ஒன்று இதில் மட்டும் இல்லையென்றால் அதை எடுக்கக் கூடாது. சீட்டு கிழிந்தோ, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியோ இருக்கக் கூடாது. தொகுதி எண் அழிந்திருக்கக் கூடாது. உற்பத்தியாளர் ஏதேனும் ஒரு தொகுதியைத் திரும்ப அழைத்தால் அந்த எண்தான் வழிகாட்டி. வீட்டுக்கு வந்ததும் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். திறந்ததும் மணியின் வடிவம் அந்த வகைக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். நல்ல மருந்தில் மெல்லிய சாராய நெடி இருக்கும். மூக்கைத் துளைக்கும் அமில நெடியோ செம்பழுப்புப் புகையோ தூசியோ தென்பட்டால் அது கெட்டுப்போனது. வடிவம் சரியாக இருப்பதால் மட்டும் மருந்து சரியானது என்று முடிவு கட்டவும் கூடாது. வடிவம் தவறாக இருந்தால் மருந்து தவறு என்பது மட்டுமே உறுதி. ஐயம் எழுந்தால் பயன்படுத்தக் கூடாது. பிறருக்குக் கொடுக்கவும் கூடாது.

மருந்தை வாங்கிய புட்டியிலேயே வைத்திருக்க வேண்டும், வேறு பாத்திரத்துக்கு மாற்றக் கூடாது என்று அந்நாட்டுத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பும் வலியுறுத்துகிறது. இதற்கு இரண்டு காரணங்கள். பெயர் பிரியக் கூடாது என்பது ஒன்று. தீப்பிடித்தால் அழுத்தம் சேராமல் எளிதில் பிளந்துகொள்ளும்படி அந்தப் புட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. உறுதியான இரும்புப் பெட்டியில் இறுக மூடி வைப்பது பாதுகாப்பு என்று நாம் நினைப்போம். உண்மையில் அது எரியக்கூடிய பொருளை வெடிக்கக்கூடிய பொருளாக மாற்றிவிடும்.

திருப்பித் தரும் உரிமையும் அதன் எல்லையும்

இனி, அந்த அறிவிப்புப் பலகைக்கு வருகிறேன். 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் விற்பவருக்குத் தம் காரின் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. குறை இருக்கலாம் என்ற அச்சத்தில் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மட்டமான கார்கள் மட்டும் மிஞ்சும். தகவல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சந்தையே சிதையும் என்று காட்டிய அந்த ஆய்வுக்காக, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நோய்க்குச் சந்தை கண்ட மருந்துகளில் ஒன்று, திருப்பித் தரும் உரிமை. 'வாங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் கொடுத்துவிடுங்கள்' என்று கடைக்காரர் சொல்லும்போது, குறையை அறியும் வாய்ப்பை வாங்குபவருக்கு அளிக்கிறார். குறை இருந்தால் அதன் செலவைத் தாம் ஏற்கிறார். சட்டைக்கும் மிக்சிக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. சட்டை திரும்பி வந்தால் விரித்துப் பார்த்து, கிழிசல் இல்லை என்று உறுதிசெய்து, மறுபடி விற்கலாம்.

வெடிமருந்துக்கு இது பொருந்தாது. திரும்பி வந்த புட்டியைத் திறந்து பார்த்தாலும் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதை அலமாரியில் வைத்தால், அருகிலிருக்கும் நல்ல புட்டிகளின் மீதும் ஐயம் படரும். முதல் வாங்குபவருக்கு அளித்த உரிமை, அடுத்து வருபவரின் பாதுகாப்பைப் பறித்துக்கொள்ளும். ஆகவே, 'திரும்பப் பெற மாட்டோம்' என்ற கண்டிப்பு, பார்வைக்குக் கடைக்காரரின் சுயநலமாகத் தெரிந்தாலும், இங்கே அது முன்பின் தெரியாத அடுத்த வாடிக்கையாளருக்கு அளிக்கும் காப்புறுதி. நுகர்வோர் உரிமை எங்கும் ஒரே வடிவில் இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பாடநூல்களில் கண்டதில்லை.

பொருள்களை வேறு விதமாகவும் பொருளாதார அறிஞர்கள் பிரிப்பார்கள். வாங்குமுன் பார்த்தே தரம் அறியக்கூடியவை சில. துணி, கத்தரிக்காய் போன்றவை. பயன்படுத்திய பின்னரே தரம் தெரிபவை சில. உணவகச் சாப்பாடு போன்றவை. இந்தப் பாகுபாட்டை பிலிப் நெல்சன் 1970இல் முன்வைத்தார். வெடிமருந்தும் மாத்திரையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. சாப்பாடு சரியில்லையென்றால் மறுமுறை அந்தக் கடைக்குப் போகாமல் இருக்கலாம். இவற்றிலோ அனுபவத்தால் கற்றுக்கொள்பவருக்கு மறுமுறை வாய்க்காமலே போகலாம்.

1982: சிகாகோ

வஞ்சத்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்கா 1982இல் கண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சிகாகோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏழு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். அனைவரும் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் எவரும் வாங்கும் 'டைலெனால்' மாத்திரையை விழுங்கியவர்கள். தொழிற்சாலையில் பிழை நேரவில்லை. யாரோ கடைகளிலிருந்து புட்டிகளை எடுத்து, உள்ளிருந்த குப்பிகளில் சயனைடு கலந்து, மீண்டும் அலமாரிகளில் வைத்திருந்தார்கள். அன்றைய புட்டியில் திறந்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரை எதுவும் இல்லை. எனவே விழுங்கியவர்களுக்கு ஐயம் எழ வழியே இல்லை. கொலையாளி யார் என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை தீர்ப்பளிக்கவில்லை.

உற்பத்தி நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன், நாடு முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. இழப்பு 10 கோடி டாலருக்கும் மேல். சந்தையில் ஏறத்தாழ 35 விழுக்காடாக இருந்த அதன் பங்கு 8 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. சில வாரங்களுக்குள் மூன்று அடுக்கு முத்திரையுடன் அந்த மாத்திரை மறுபடி கடைக்கு வந்தது. ஒட்டிய அட்டைப் பெட்டி, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை, வாயின் மேல் தாள். சுமார் ஓராண்டில் இழந்த பங்கில் பெரும்பகுதி மீண்டது. ஒரு புட்டிக்கு ஆன கூடுதல் செலவு சில காசுகள் மட்டுமே. அந்தச் சில காசுகள் முன்பே செலவாகியிருந்தால், அந்த ஏழு பேரும் மூடியைத் தொட்டபோது நின்று யோசித்திருப்பார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர் சீட்டின்றி விற்கும் மருந்துகளுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. 1983இல் நுகர்பொருள்களில் கை வைப்பதை மத்தியக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. அந்த விதிகளில் இரண்டு நுட்பங்கள் என்னைக் கவர்ந்தன. ஒன்று, முத்திரை வைத்தால் மட்டும் போதாது. எந்த முத்திரை இருக்க வேண்டும் என்ற வாசகத்தையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். முத்திரை இருந்தது என்றே அறியாதவருக்கு, அது இல்லாமற்போனதும் தெரியாது அல்லவா? மற்றொன்று, முதலில் அந்த விதிகள் 'கை வைக்க முடியாத' பொட்டலம் என்று பேசின. பின்னாளில் அதைக் 'கை வைத்தால் காட்டிக்கொடுக்கும்' பொட்டலம் என்று மாற்றிக்கொண்டன. அந்தச் சொல் மாற்றத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்த மூடியையும் திறக்க முடியும். திறந்ததை மறைக்க முடியாமல் செய்வதே மனிதரால் ஆகக்கூடியது.

புலிப் பொறி முதல் பிளாஸ்டிக் பட்டை வரை

இது நமக்குப் புதிய சிந்தனையும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய, ஏற்றுமதியாகிய பண்டங்களின் மீது சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, முத்திரை இல்லாத சரக்கு, போலி முத்திரை இட்ட சரக்கு, முத்திரை உடைந்த சரக்கு என்று சுங்கச் சாவடிக்கு வருபவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தண்டனை விதிக்கிறது. போலி முத்திரைக்கே மிகக் கடுமையான அபராதம். பொய்ச் சாட்சி, சாட்சியே இல்லாததைவிடக் கேடானது என்று அவர் அறிந்திருந்தார்.

ஆனால் அந்த முத்திரைகள் காத்தது அரசனின் வருவாயை. பார்த்து உறுதிசெய்யச் சுங்க அதிகாரி இருந்தார். இன்றைய முத்திரை காப்பது வாங்குபவரின் உயிரை. பார்க்க வேண்டியவரும் வாங்குபவர்தான். அங்கேதான் நம்மிடம் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் வீட்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் வந்தது. கொண்டுவந்த தம்பி வழக்கம்போல வாசலிலேயே மூடியின் பட்டையைக் கிழித்து, மூடியை நீக்கி, கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிழித்ததையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகளாக அவர் எங்களுக்குச் செய்யும் உதவி அது. அன்றுதான் எனக்கு உறைத்தது: இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அந்த முத்திரையைப் பார்த்ததில்லை. விற்பவரே உடைத்துவிட்ட முத்திரை, வாங்குபவரிடம் எதையும் சொல்வதில்லை. அகெர்லாஃபை ஆண்டுதோறும் நடத்திய பேராசிரியரின் வீட்டு நிலை இது. 'இனி நாங்களே பிரித்துக்கொள்கிறோம்' என்று அடுத்த முறை சொன்னபோது அந்தத் தம்பியின் முகம் சற்று வாடியது. 'ஐயாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டார். 'உன் மேல் உண்டு தம்பி. இந்த கேன் உன் கைக்கு வருமுன் எத்தனை கை மாறியது என்று உனக்கே தெரியாதே' என்றேன்.

அந்த உரையாடலில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. முத்திரையைப் பார்ப்பதை நாம் அவமதிப்பாக நினைக்கிறோம். தெரிந்த கடைக்காரரின் முன் மருந்துப் புட்டியின் வளையத்தைத் திருகிப் பார்க்கக் கூசுகிறோம். சமையல் எரிவாயு உருளை வரும்போது, மூடியின் முத்திரை சரியாக உள்ளதா என்று பார்க்கவும், எடை போட்டுக் காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. உருளையின் மேல் அதன் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டு உருளையில் அதனுடன் எரிவாயுவின் 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை கிடைக்கும். இரண்டு நிமிட வேலை. அவசரத்தில் நிற்பவரைக் காக்க வைப்பதா என்ற தயக்கத்திலேயே பெரும்பாலோர் கேட்பதில்லை. எடை குறைந்தால் பணம் போகும், அதோடு நின்றுவிடும். முத்திரை குலைந்து, வால்வு பழுதுபட்டிருந்தால் இழப்பு அதோடு நிற்காது.

தெரிந்தவரை நம்புவது நல்ல பண்பு. ஆனால் இன்றைய பொருள் எதுவும் தெரிந்தவர் ஒருவரின் கையால் மட்டும் நம்மிடம் வருவதில்லை. தொழிற்சாலை, கிடங்கு, லாரி, மொத்த வணிகர், சில்லறைக் கடை என்று முகம் தெரியாத பலரின் கைகளைக் கடந்து வருகிறது. அந்த முழு வழியிலும் பொருளோடு வந்த ஒரே சாட்சி, மூடியின் மேலுள்ள அந்தச் சிறு பட்டை. அதைக் கேட்டறிவது கடைக்காரரைச் சந்தேகிப்பது ஆகாது. அவருக்கும் நமக்கும் பொதுவான ஒரு சாட்சியை விசாரிப்பது மட்டுமே.

முத்திரையைப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் இன்னொரு நன்மையும் உண்டு. அலமாரியில் யாரும் எடுக்காமல் நிற்கும் புட்டி கடைக்காரருக்கு நட்டம். எனவே அவர் மொத்த வணிகரிடம் சரக்கை வாங்கும்போதே பார்த்து வாங்குவார். மொத்த வணிகர் லாரியிலிருந்து இறக்கும்போது பார்ப்பார். கடைசியில் நிற்கும் ஒருவரின் கவனம், சங்கிலி முழுவதற்கும் பரவும். பத்துப் பேரில் இருவர் பார்த்தால்கூடப் பார்க்காத எட்டுப் பேருக்கும் பாதுகாப்பு கூடும். பொருளாதாரத்தில் இதைப் புறப்பயன் என்போம். அந்த டெக்சாஸ் நண்பர் பட்டை பிரிந்த புட்டியைத் தாம் தவிர்த்ததோடு நிற்காமல், ஊழியரிடம் எடுத்துக் கொடுத்தாரே, அதன் பொருள் இதுதான். அலமாரியிலேயே விட்டிருந்தால் அடுத்து வரும் ஒருவர் அதை எடுத்துச் சென்றிருப்பார்.

அடுத்த முறை கடையில் ஒரு மூடியைத் தொடும்போது ஒரு நொடி நின்று பாருங்கள். பட்டை பிரிந்திருந்தால் எடுக்காதீர்கள். எடுக்காமல் விட்டதோடு போய்விடாமல், கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.